முதல் பயனாளி

கோலா பாக்காவில் செத்தவர்கள் எல்லாரும் மீன் லோரியில்தான் போனார்கள். இதில் உசத்தி தாழ்த்தி பார்த்ததே இல்லை. கோயில் நாட்டாமையும் அதில்தான் போனார், கோயில் வாசலில் படுத்துக் கிடந்தவரும் அதில்தான் போனார். கடலோரத்துச் சின்ன ஊர். மின்சுடலை இருப்பது சுங்கைப் பட்டாணியில். அதுவரைக்கும் பெட்டியைக் கொண்டுபோக ஊரில் மூடி போட்ட வண்டி ஒன்றே ஒன்று, படகுத்துறை ஜெட்டியில் மீன் ஏற்றும் சீன முதலாளி தவுக்கேயின் லோரி. தவுக்கே நல்ல மனுஷர். சாவு என்றால் வாடகை கேட்க மாட்டார். தண்ணீர் பீய்ச்சிக் கழுவித்தான் அனுப்புவார். ஆனால் இத்தனை வருஷத்து நெத்திலியைத் தண்ணீர் என்ன செய்யும்? மல்லிகை, சாம்பிராணி, பன்னீர் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு நெத்திலிதான் முன்னால் போகும். மெர்போக் தாண்டும்போது ரோட்டோரத்துப் பூனைகள் எழுந்து நிற்கும். வேறு எந்த ஊர் நல்லுடலுக்கும் பூனைகள் இப்படி மரியாதை செய்ததில்லை.

முருகையாவின் அம்மாவும் அப்படித்தான் போனாள். அன்றைக்கு ராத்திரியே அவன் அப்பா வீரசாமி சொல்லிவிட்டார்.

"நான் எப்படி வேணா செத்துட்டுப் போறேன். அந்த லோரியில மட்டும் என்னை ஏத்திடாதடா. தோட்டத்துல பால் மரம் வெட்டுன காலத்துல மேலெல்லாம் ரப்பர் நாத்தம். சாகும்போதாவது ஒரு நாத்தமும் இல்லாம போறேன்."

"ஏத்த மாட்டேன்பா" என்று முருகையா சத்தியம் செய்துவிட்டான். கூலிம் ஹைடெக் பூங்காவுக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிற மனுஷன். சத்தியம் செய்வதற்கு முன்னால் வேறு வண்டி இருக்கிறதா என்று யோசிக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

வண்டியைக் கொண்டுவந்தது மன்றம். முழுப்பெயர் கோலா பாக்காவ் இந்தியர் சமூக மேம்பாட்டு நலன்புரி மன்றம். அதன் தலைவர் 'சமூகச் செம்மல்' காளிதாசன். அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது மன்றம்தான். மன்றத்தின் சார்பில் பட்டம் வழங்கும் அதிகாரம் தலைவருக்கு மட்டுமே இருந்ததால், அவரே வழங்கி அவரே பெற்றுக்கொண்டார். தனக்குத் தானே பொன்னாடை போர்த்திக்கொள்வதில் மட்டும் கொஞ்சம் சிரமம் இருந்தது. முதுகுப் பக்கம் எட்டவில்லை. செயலாளர் புவனேசன் ஓடிவந்து இழுத்துவிட்டார்.

வண்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. குளிர்சாதனம், வழுக்காத மேடை, உறவினர் உட்கார மடக்கு பெஞ்சு, பக்கவாட்டில் தலைவரின் படம். பார்த்தவுடன் முருகையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா அப்போதுதான் அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார். இருதயம். "வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க" என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சத்தியம் தானாக நிறைவேறப் போகிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அந்த வாரமே தேத்தண்ணிக் கடை குழந்தைவேலு போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் முருகையாவையும் கூட்டிக்கொண்டு மன்றத்தின் மண்டபத்துக்கு ஓடினார்கள்.

"தலைவரே, வண்டி சும்மாதானே நிக்குது?" என்றான் முருகையா.

"சும்மா நிக்கல தம்பி. திறப்பு விழாவுக்கு நிக்குது."

"நல்லுடல் வீட்டுல கெடக்குது தலைவரே."

"எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? அவரு கடையில எத்தனை தேத்தண்ணி குடிச்சிருக்கேன்! ஆனா ரிப்பன் வெட்டாத வண்டியில ஏறினா அது பயணத்துல சேர்த்தி இல்ல. அவரு போயும் போகாத மாதிரி ஆயிடும். அந்தப் பாவத்த மன்றம் சுமக்காது."

"சுமக்காது" என்றார் புவனேசன். செயலாளராக அவருடைய வேலை தலைவரின் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வது.

ஆனாலும் மன்றம் ஈரமில்லாத மன்றம் அல்ல. குழந்தைவேலுவின் பெட்டி மீன் லோரியில் போக, மரியாதைக்காக வெள்ளை வண்டி பின்னாலேயே போகலாம் என்று அவசரக் கூட்டத்தில் முடிவானது. மன்றத்தில் யாருக்கும் பெரிய வண்டி லைசென்ஸ் இல்லை. அதனால் முருகையா ஓட்டினான். முன்னால் நெத்திலியோடு குழந்தைவேலு. பின்னால் குளிர்சாதனம் போட்ட காலி வண்டி. எதிரே வந்த மோட்டார்காரர்களுக்கு எந்த வண்டிக்கு ஒதுங்குவது என்று தெரியவில்லை. முருகையாவுக்கும் தான் எதற்காக ஓட்டிக்கொண்டிருக்கிறோம் என்று தெரியவில்லை. பூனைகளுக்கு மட்டும் குழப்பம் இல்லை. அவை லோரியைத்தான் பார்த்தன.

திறப்பு விழாவுக்கு டத்தோ பட்டம் பெற்ற பெரும்புள்ளி ஒருவர் வருவதாக ஏற்பாடு. டத்தோவின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் சிறப்பு அதிகாரி. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பயனாளி யாரு?"

"பயனாளின்னா?" என்றார் காளிதாசன்.

"படம் எடுக்க ஆள் வேணும்லா. உபகாரச் சம்பளம்னா மாணவர் நிப்பாரு. சக்கர நாற்காலின்னா அதுல ஒருத்தர் உக்காந்திருப்பாரு. வெறும் வண்டிகூட டத்தோ படம் எடுத்தா, கார் விக்கிறாருன்னு நெனைப்பாங்க."

மன்றம் கூடியது. முதல் பயனாளி தேவை என்று தலைவர் அறிவித்ததும் கூட்டத்தில் எல்லாரும் குனிந்து அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். எழுபதைத் தாண்டிய இரண்டு உறுப்பினர்கள் மறுபேச்சில்லாமல் ராஜினாமா செய்தார்கள். பிறகு ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. துணைக்குழு ஒரு பழக்கூடையோடு முருகையாவின் வீட்டுக்கு வந்தது.

"அய்யா எப்படி இருக்காரு?" என்று காளிதாசன் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"கொஞ்சம் பரவால்ல தலைவரே."

"பரவால்லையா?" தலைவரின் முகம் லேசாக வாடியது. "டாக்டரு என்ன சொன்னாரு? சுமாரா எந்த மாசம்னு..."

சமையலறையிலிருந்து முருகையாவின் மனைவி நளினி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "எந்த மாசம் என்னாங்க?"

"இல்லம்மா, டத்தோவுக்கு இருபத்திரண்டாம் தேதிதான் தோதா இருக்கு."

"அதுக்கு?"

"அதுக்குள்ள அய்யாவுக்கும் தோதா இருந்துச்சுன்னா..."

நளினி கரண்டியை உயர்த்தினாள். அதற்குள் கட்டிலில் இருந்து வீரசாமி குரல் கொடுத்தார். "ஏம்மா, சும்மா இரு. தலைவரே, உங்க வண்டியில மீன் ஏத்துவீங்களா?"

"சேச்சே! என்னாங்கய்யா பேசுறீங்க! மனுஷங்கள மட்டுந்தான்."

"அப்ப என் பேர எழுதிக்குங்க."

முருகையாவுக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று புரியவில்லை. சத்தியத்தைக் காப்பாற்ற வழி கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வழி தேதியோடு வந்திருந்தது.

விஷயம் ஊரில் பரவியது. மறுநாள் காலையில் தர்மலிங்கம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மண்டபத்துக்கு வந்து நின்றார். தர்மலிங்கமும் வீரசாமியும் மெர்போக் பக்கத்துத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவர்கள். தோட்டத்தை விற்றபோது ஒரே லோரியில் சாமான் ஏற்றி இந்த ஊருக்கு வந்தவர்கள். தினமும் சாயங்காலம் ஜெட்டியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். திட்டாத நாளில் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

"அவனுக்குத்தான் வண்டியா? எனக்கு என்ன கொறச்சல்?" என்றார் தர்மலிங்கம்.

இரண்டு பேர் போட்டி என்றதும் மன்றத்துக்குப் புது ரத்தம் பாய்ந்தது. நேர்காணல் வைத்தார்கள். மேசை, வெள்ளைத் துணி, மினரல் தண்ணீர்.

"உங்க தகுதிகளைச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

"இனிப்பு நீர். ரத்தக் கொதிப்பு. ஒரு கிட்னி லீவுல போயிருக்கு" என்றார் தர்மலிங்கம். "இருமி வேற காட்டவா?"

"அது பீடி இருமல்" என்றார் வீரசாமி. "இருமல் எல்லாம் ஒரு வியாதியாடா? என்னோடது ஹார்ட்டு. மலாய் டாக்டரு, சீன டாக்டரு, நம்மாளு டாக்டரு, மூணு பேரும் கூடி நின்னு கைய விரிச்சுட்டாங்க."

காளிதாசனுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "மூவினமும் ஒத்துக்கிட்டாங்களா? இதைவிட நாட்டுக்கு என்ன வேணும்!"

"என்ன வேணும்!" என்றார் புவனேசன்.

வீரசாமி தேர்வானார். தர்மலிங்கம் கைத்தடியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார். அன்று சாயங்காலம் ஜெட்டிக்கு அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வீரசாமி தனியாக உட்கார்ந்து கடலைத் திட்டிவிட்டு வந்தார்.

இருபத்திரண்டாம் தேதி நெருங்கியபோது டத்தோ வெளிநாடு போனார். விழா அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. இப்போது மன்றத்துக்குக் கவலை தலைகீழாக மாறியது. பயனாளி அவசரப்பட்டுவிடக் கூடாது. மகளிர் பிரிவு கஞ்சி கொண்டுவந்தது. இளைஞர் பிரிவு மைலோ கொண்டுவந்தது. ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி காலையும் மாலையும் வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். காளிதாசனே வந்து பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் ஊட்டினார்.

"இன்னொரு வாய் அய்யா. சமுதாயத்துக்காக."

ஒத்திகையும் நடந்தது. வீரசாமியை வண்டி மேடையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினார்கள். யார் எங்கே நிற்பது, ரிப்பன் எந்தப் பக்கம், உருமி மேளம் எப்போது ஆரம்பிப்பது என்று வெளியே சண்டை. சண்டை முடிந்து கதவைத் திறந்தால் வீரசாமி அசையாமல் கிடந்தார். காளிதாசன் அலறிவிட்டார்.

"அய்யா! இன்னிக்கு வேணாங்கய்யா! டத்தோ இன்னும் வரல!"

முருகையா ஓடிவந்து அப்பாவின் மார்பில் காதை வைத்தான். உள்ளேயிருந்து குறட்டை வந்தது.

"நல்ல காத்துடா உள்ள" என்றார் வீரசாமி, கண்ணைத் திறக்காமல்.

கஞ்சி, மைலோ, பழம், ஊட்டல். டத்தோ மூன்று முறை தேதியை மாற்றினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வீரசாமியின் கன்னத்தில் கொஞ்சம் சதை ஏறியது. மருந்துக்குப் போன இடத்தில் டாக்டர் ஏட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி ஏட்டைப் பார்த்துவிட்டு "வேறே ஆளா?" என்று கேட்டார். ஒருநாள் காலையில் வீரசாமி சைக்கிளில் பாசாருக்குக் காய் வாங்கப் போய்க்கொண்டிருந்ததைப் புவனேசன் பார்த்துவிட்டார். உடனே வாட்ஸ்அப்பில் படத்தோடு செய்தி போனது: அவசரம், பயனாளி சைக்கிளில்.

காளிதாசன் நேரில் வந்தார். குரல் தழுதழுத்தது.

"மன்றம் உங்கள நம்பிக் கல்வெட்டு அடிச்சிருச்சு அய்யா. கருங்கல்லு. வண்டிக் கதவுலேயே பதிக்கிறோம். 'முதல் பயனாளி அமரர் வீரசாமி'ன்னு. இப்ப நீங்க கத்திரிக்கா வாங்கப் போனா எப்படி?"

"கத்திரிக்கா மலிவா இருந்துச்சு தலைவரே" என்றார் வீரசாமி. அவருக்கே கொஞ்சம் குற்ற உணர்ச்சியாக இருந்தது.

கடைசியில் விழா நடந்தது. கூடாரம் போட்டார்கள். உருமி முழங்கியது. டத்தோவின் கார் வந்தது. காரில் டத்தோ இல்லை. டத்தோவுக்குப் பதிலாகச் சிறப்பு அதிகாரி வருவதாக இருந்தது. சிறப்பு அதிகாரிக்கு வேறு வேலை வந்துவிட்டதால் உதவி அதிகாரி வருவதாக இருந்தது. உதவி அதிகாரிக்கு வயிற்றுப்போக்கு. ஆகவே உரையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போக டிரைவர் முகுந்தன் மட்டும் வந்திருந்தான். மன்றம் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. முகுந்தன் கழுத்தில் ஆளுயர மாலை விழுந்தது.

"மாண்புமிகு டத்தோ அவர்களின் சிறப்பு அதிகாரி அவர்களின் உதவி அதிகாரி அவர்களின் பிரதிநிதியாக வருகை புரிந்திருக்கும் முகுந்தன் அவர்களே!" என்று காளிதாசன் தொடங்கினார். "இந்த மன்றம் உயிரோடு இருப்பவர்களுக்கு என்ன செய்தது என்று சிலர் கேட்கிறார்கள். நான் பெருமையோடு சொல்கிறேன். ஒன்றும் செய்யவில்லை! எங்கள் சேவை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்!"

கைதட்டல். முகுந்தன் வியர்த்துக்கொண்டே கோப்பைத் திறந்து டத்தோவின் உரையைப் படித்தான். அது வேறு எந்த ஊரிலோ பாலர் பள்ளி பஸ் திறப்புக்கு எழுதிய உரை. முகுந்தனுக்கு அது தெரியாது. கேட்டவர்களும் கண்டுகொள்ளவில்லை.

"இந்த வண்டியில் ஏறும் ஒவ்வொருவரும் நாளைய தலைவர்கள்! ஏறுவதற்கு அழாதீர்கள், அம்மா அப்பாவைத் தேடாதீர்கள். அங்கே உங்களுக்குப் புது நண்பர்கள் கிடைப்பார்கள். இந்த ஒரு வண்டி போதாது. நம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தினமும் காலையில் இந்த வண்டி வந்து நிற்கும் நாள் வெகு தூரத்தில் இல்லை!"

முன்வரிசையில் இருந்த கிழவர்கள் எழுந்து பின்வரிசைக்குப் போனார்கள். முகுந்தன் ரிப்பனை வெட்டினான், கல்வெட்டின் திரையை இழுத்தான், கதவைத் திறந்து உள்ளே படுத்திருந்த வீரசாமிக்குப் பொன்னாடை போர்த்தினான். படம் எடுத்தார்கள். வீரசாமி பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டார். "சிரிக்காதீங்க அய்யா, அமரர்!" என்று புவனேசன் அதட்டினார்.

இத்தோடு முடிந்திருந்தால் முருகையா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். விழா முடிந்த பத்தாம் நாள் கம்பத்துக் குடியிருப்பில் ஒரு அம்மா தவறிப்போனாள். வண்டி கேட்டுப் போனார்கள்.

"தரலாம்" என்றார் காளிதாசன். "ஆனா முதல் பயனாளி வீரசாமின்னு கல்வெட்டு சொல்லுது. டத்தோ பேருல தெறந்த கல்வெட்டு. அவருக்கு முந்தி வேற ஒருத்தர ஏத்தினா கல்வெட்டு பொய்யாயிடும். டத்தோ பொய் சொன்னதா ஆயிடும். வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்குல்ல?" என்றார் புவனேசன்.

அந்த அம்மா மீன் லோரியில் போனாள். அதற்கடுத்து போனவரும் லோரியில். திறந்து வைத்த வண்டி மண்டபத்து ஓரத்தில் நின்றது. ஊர் மன்றத்தைப் பார்க்கவில்லை. வீரசாமியைப் பார்த்தது.

"இன்னும் இருக்கீங்களா?" என்றார்கள் பாசாரில். கேட்டது வேறு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். காய் நிறுக்கிற பெண்கூட அவருக்கு முறுக்கிக்கொண்டு நிறுத்தாள். கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கோம்" என்றார், திருநீறு பூசிக்கொண்டே.

மன்றத்திலிருந்து காரணம் கோரும் கடிதம் வந்தது. முருகையா அதைச் சத்தமாகப் படித்தான்.

"மன்ற உறுப்பினராகிய தாங்கள் முதல் பயனாளியாகத் தேர்வு பெற்று, பழக்கூடை, மைலோ, பொன்னாடை ஆகிய மரியாதைகளை ஏற்றுக்கொண்டும், இதுநாள் வரை பயன்பெறாமல் இருப்பதற்கான காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும். தவறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்."

"என்ன நடவடிக்கை?" என்றாள் நளினி. "இன்னும் பத்து வருஷம் உயிரோட இருக்கணும்னு தண்டனை குடுப்பாங்களா? ஏங்க, நீங்க பேசாம இருக்கீங்க? உங்க அப்பாவ சாகச் சொல்லிக் கடுதாசி போட்டிருக்கான், நீங்க எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிட்டு இருக்கீங்க!"

முருகையா சிரிக்கலாமா என்று பார்த்தான். அப்பா சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர் சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிட்டார். மறுநாள் கஞ்சியையும் தள்ளினார். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, யாரும் பார்க்காதபோது சன்னலுக்கு வெளியே துப்பினார். முருகையா பார்த்துவிட்டான்.

"என்னப்பா இது?"

"நான் போயிட்டா ஊருக்கு வண்டி கெடைச்சிரும்லடா" என்றார் வீரசாமி. "எனக்கும் லோரி இல்ல. ஒனக்கும் சத்தியம் தீந்துரும். ரெண்டு வேலையும் ஒண்ணா முடியும்."

முருகையா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பஸ் ஏன் வரவில்லை என்று தொழிற்சாலையிலிருந்து போன் மேல் போன் வந்தது. அவனுக்கு அப்பா வேண்டும். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. மன்றத்திடம் அதை எந்த விதியின் கீழ் கேட்பது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தர்மலிங்கத்தின் மகள் மோகனா வந்து வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, அப்பா போயிட்டாருண்ணே. வெடிகாலையில."

கட்டிலில் படுத்திருந்த வீரசாமி எழுந்து உட்கார்ந்தார்.

"தலைவருகிட்ட வண்டி கேட்டுட்டுதாண்ணே வர்றேன்" என்றாள் மோகனா. "முடியாதுன்னுட்டாரு. பெரியப்பாவ ஒண்ணும் சொல்லல நான். தவுக்கேகிட்ட லோரிக்குச் சொல்லணும், நீங்க கூட வந்தீங்கன்னா..."

வீரசாமி கட்டிலை விட்டு இறங்கினார். கிணற்றடிக்குப் போய்க் குளித்தார். வெள்ளை வேட்டி கட்டினார். நெற்றி நிறையத் திருநீறு பூசினார். விழாவில் போர்த்திய பொன்னாடையைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தார். முருகையாவும் நளினியும் பின்னால் ஓடினார்கள். வழியில் பார்த்தவர்களும் என்னவென்று தெரியாமல் பின்னால் வந்தார்கள்.

வண்டியின் பின்கதவைத் திறந்து மேடையில் ஏறி, கையை மார்பில் கட்டிக்கொண்டு படுத்தார்.

"பயனாளி ஏறிட்டேன். எடுடா வண்டிய."

காளிதாசன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "அய்யா, என்னா இது? நீங்க உயிரோட இருக்கீங்களே!"

"தெறப்பு விழா அன்னிக்கும் உயிரோடதான் படுத்திருந்தேன். அன்னிக்குச் சால்வை போத்திப் படம் புடிச்சீங்க. இன்னிக்கு மட்டும் உயிரு உறுத்துதா?"

"இருந்தாலும் விதிமுறைன்னு..."

"பழம் தின்னது நானு. மைலோ குடிச்சது நானு. பயன்பெறலன்னு கடுதாசி போட்டீங்க. இந்தா, பயன்பெறுறேன். மின்சுடலை வரைக்கும் என்னைக் கொண்டு போங்க. பக்கத்துல என் சிநேகிதன் ஒருத்தன் கூட வருவான். அவன் ரெண்டாவது."

காளிதாசன் புவனேசனைப் பார்த்தார். புவனேசனுக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. வண்டிக்கு முன்னால் தலைவர் கையை விரித்து நின்றார். நளினி அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"தலைவரே, ஒதுங்குங்க. இல்லன்னா வரிசை மாறிடும். முதல் ஆளு நீங்களா இருப்பீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சாவு வீட்டுக்குப் போகிற வண்டியைச் சுற்றி நின்று ஊரே சிரித்தது. முருகையா அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். தலைவர் கல்வெட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மெல்ல ஒதுங்கினார். ஒதுங்கிய கையோடு அறிவித்தார்: "மன்றத்தின் முதல் பயணத்தை நானே தலைமை தாங்கி நடத்தித் தருகிறேன்!"

தர்மலிங்கத்தின் வீட்டில் சடங்கெல்லாம் முடிந்தது. மடக்கு பெஞ்சை மடக்கி, மேடைக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தார்கள். மேடையில் வீரசாமி, கீழே தர்மலிங்கம். வண்டி கிளம்பியது. மெர்போக்கைத் தாண்டியது. அதற்கப்புறம் வீரசாமி பேசும் குரல் முன்னால் கேட்டது. முருகையா கண்ணாடியில் பார்த்தான். அப்பா ஒருக்களித்துப் படுத்து, பெட்டிமேல் ஒரு கையைப் போட்டிருந்தார்.

"இப்ப சந்தோஷமாடா ஒனக்கு? வண்டி வேணும்னியே. மொகரயப் பாரு. இத்தனை மாசமா ஜெட்டிப் பக்கம் வராம இருந்தியே, தடியா. ஒன்னைத் திட்டாம எனக்குச் சோறு இறங்கலடா."

மின்சுடலையில் காளிதாசன் இரங்கல் உரை படித்தார். அது வீரசாமிக்காக எப்போதோ எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தது. வீணாக்க அவருக்கு மனசு வரவில்லை. "அமரர் வீரசாமி நம்மை விட்டுப் பிரிந்தாலும்" என்று அவர் தொடங்க, வீரசாமி எதிரே நின்று "கொஞ்சம் சத்தமா" என்றார். ஒரு நிமிட மௌனம் அறிவித்தபோது அவரும் தலை குனிந்து நின்றார். யாருக்காக என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெட்டி உள்ளே போனபோது பொன்னாடையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

முடிந்ததும் மன்றம் அங்கேயே கூடி, முதல் பயனாளி தம் பயணத்தை வெற்றிகரமாக நிறைவு செய்ததாகவும், ஆகவே உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்படுவதாகவும், இனி வண்டி ஊருக்குப் பொது என்றும் தீர்மானம் போட்டது. காளிதாசன் வீரசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இனிமே கூட்டத்துக்கு நான் வர வேணாமா?" என்றார் வீரசாமி.

"நீங்கதான் இல்லையே அய்யா."

"ரொம்ப சந்தோஷம்."

திரும்பும்போது மோகனாவும் உறவுக்காரர்களும் காரில் போனார்கள். வண்டியில் அப்பாவும் மகனும் மட்டும். நளினி கட்டிக்கொடுத்த சோற்றை வீரசாமி முன் இருக்கையில் உட்கார்ந்து பிரித்தார். பாதி சாப்பிட்டு முடித்திருந்தபோது பீடோங் சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஓரத்துக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சவ வண்டியைப் பார்த்து எழுந்தார்கள். ஒரு அம்மா பாசார் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். மோட்டார்காரன் ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

வீரசாமி சோற்றுக் கையைப் பொட்டலத்தில் துடைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, பதிலுக்கு எல்லாருக்கும் ஒவ்வொருவராகக் கும்பிடு போட்டார். அந்த அம்மா பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பச்சை விழுந்தது. முருகையா கியரைப் போட்டான்.

"மெதுவா போடா" என்றார் அப்பா. "அந்தப் பக்கம் இன்னும் நெறைய பேரு நிக்கிறாங்க."